ஃபார்மட் அடித்தும் வேகம் பிடிக்காத லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

சர்வீஸுக்கு எங்களிடம் வந்த இயந்திரம் 2018-ஆம் ஆண்டு மாடல், 15.6 அங்குல லேப்டாப். இன்டெல் கோர் ஐ5-8250யு ப்ராசஸர், ஒரே ஸ்டிக்கில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 5400 ஆர்பிஎம் சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். பக்கத்தில் ஒரு எம்.2 ஸ்லாட், வாங்கிய நாளிலிருந்து காலி. ஜிஎஸ்டி கணக்கும் டிடிபி வேலையும் சேர்த்துப் பார்க்கும் சிறு அலுவலகத்துக்கு இது ஒன்றுதான் கணினி. டாலி பிரைம், எக்செல், பேஜ்மேக்கர், குரோமில் எந்நேரமும் திறந்து கிடக்கும் பத்துப் பதினைந்து டேப், ஒரு பிரின்டர், டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன். தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கக்கூடிய அமைப்பு.

பாஸ்வேர்டு போட்டால் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. அதன்பிறகு குரோமைக் கிளிக் செய்தால் சில நிமிடங்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை. டாலியில் ஒரு வவுச்சரைச் சேமிக்கும்போது திரை வெளுத்து நிற்கிறது. சொந்தக்காரர் கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: “ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் மட்டும் புதுசா போட்டுக் குடுங்கண்ணே, சரியாயிடும்ல?”

ஆனால் அந்த வைத்தியம் இந்தக் கணினிக்கு முன்பே ஒரு முறை நடந்திருக்கிறது. வேறொரு கடையில் ஃபார்மட் அடித்து விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சில வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி ஆகிவிட்டது. அதனால் ஓஎஸ் போடுவதற்கு முன், புதிதாக ஓஎஸ் போடுவது எதைச் சரிசெய்யும், எதைத் தொடவே தொடாது என்று பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் பார்த்தவை

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். டிஸ்க் 100 சதவீதம். ஆனால் படிக்கும் வேகம் விநாடிக்கு ஒன்று இரண்டு எம்பிகூட இல்லை. ‘100 எம்பி வேகம் உள்ள டிஸ்க் 1 எம்பியிலேயே எப்படித் திணறும்?’ என்று பலர் குழம்பும் இடம் இது. கணக்கு எளிது. 5400 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 11.1 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி. தலை தடம் மாற இன்னும் 12 மில்லி விநாடி என்று வைத்தால், ஒரு சின்னக் கோப்பைத் தேடிப்போக 17 - 18 மில்லி விநாடி. அதாவது விநாடிக்கு அறுபதுக்கும் குறைவான தேடல்கள். ஒவ்வொரு தேடலிலும் 4 கேபி கிடைத்தால் மொத்தம் விநாடிக்குச் சுமார் 230 கேபி. விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது பெரும்பாலும் இப்படிச் சிதறிய சின்னச் சின்ன வாசிப்புதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும், ஏனென்றால் அதில் சுழல ஒன்றுமில்லை.

அடுத்து டிஸ்கின் உடல்நிலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி5 என்ற வரி, அதாவது ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’, பூஜ்யமாக இல்லை. படிக்க முடியாமல் டிஸ்க் ஒதுக்கிவைக்கக் காத்திருக்கும் செக்டர்கள் அவை. அப்படி ஒரு இடத்தில் தலை மாட்டும்போது டிஸ்க் பல விநாடிகளுக்குத் திரும்பத் திரும்ப முயலும். அந்நேரம் கணினி முழுவதும் உறையும். டாலி திரை வெளுத்ததற்கு இதுவே போதுமான காரணம்.

மூன்றாவது, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்பது. இரண்டு ஆன்டிவைரஸ், ஒன்று காலாவதியானது. ஒரு ‘பிசி ஆப்டிமைசர்’, ஒரு ‘டிரைவர் அப்டேட்டர்’, ஒரு டோரன்ட் மென்பொருள், மூன்று வீடியோ பிளேயர். டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு கேஎம்எஸ் ஆக்டிவேட்டர், அதாவது லைசன்ஸ் வாங்காமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கிராக். அது தன் ஃபோல்டரை விண்டோஸ் டிஃபெண்டர் கண்ணில் படாமல் விலக்குப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தது. ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10 ப்ரோ. ஆனால் இந்த லேப்டாப்பின் மதர்போர்டிலேயே விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்வேஜுக்கான அசல் கீ பதிந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸ் உள்ளே தூங்க, மேலே கிராக் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். இந்த ஊர்ப் பக்கம் இது வியப்பான செய்தி ஒன்றுமில்லை.

டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில், பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) லெகசி என்ற பழைய பூட் முறையில் இருந்தது. 2018 லேப்டாப்பில் தொழிற்சாலையிலிருந்து அப்படி வராது. அதுவும் முன்பு ஃபார்மட் அடித்தவர் வேலை. ஓஎஸ் எப்போது போடப்பட்டது என்று தெரிந்துகொள்ள ‘சிஸ்டம் இன்ஃபோ’ காட்டும் ‘ஒரிஜினல் இன்ஸ்டால் டேட்’டை நம்பக்கூடாது. ஒவ்வொரு பெரிய ஃபீச்சர் அப்டேட்டிலும் அந்தத் தேதி மாறிவிடும்.

ப்ராசஸர் வேகத்தையும் ஒரு பார்வை பார்த்தோம். ஐ5-8250யுவின் அடிப்படை வேகம் 1.6 ஜிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.4. வேலை கொடுத்தபோது மேலே ஏறியது, நல்லது. இந்த எண் 0.4, 0.8 என்று கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் சூடு, அல்லது லேப்டாப் அடையாளம் காணாத டூப்ளிகேட் சார்ஜர். அதற்கு எத்தனை முறை ஓஎஸ் போட்டாலும் பலனில்லை.

ஃபார்மட்டுக்கு முன் ஒரு இலவசச் சோதனை

இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ஃபார்மட் அடிக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. ‘எம்எஸ் கான்ஃபிக்’ திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ டிக் செய்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். டிக் செய்யாமல் அணைத்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் போய் லாகின் ஆவதே சிக்கலாகும். பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் எல்லாவற்றையும் டிசேபிள் செய்து ரீஸ்டார்ட். இதற்குக் கிளீன் பூட் என்று பெயர். புது ஓஎஸ் தரப்போகும் சூழலை, ஒரு கோப்பையும் அழிக்காமல், ஓரளவுக்கு இப்போதே காட்டிவிடும்.

கிளீன் பூட்டில் கணினி பறந்தால் குற்றவாளி மென்பொருள். பாதி நேரம் ஃபார்மட்டே வேண்டாம், வேண்டாதவற்றை நீக்கினாலே போதும். கிளீன் பூட்டிலும் திணறினால் குற்றவாளி டிஸ்க், ரேம் அல்லது சூடு. ஃபார்மட் அடித்தும் அதே திணறல்தான். இந்த லேப்டாப்பில் லாகினுக்குப் பிந்தைய காத்திருப்பு பாதியாகக் குறைந்தது. டிஸ்க் 100 சதவீதத்திலிருந்து இறங்கவே இல்லை. இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கின்றன என்று பொருள். முடிவு: எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி, அதில் சுத்தமான விண்டோஸ் 11. பழைய டிஸ்கைக் குளோன் செய்வதில்லை. குளோன் செய்தால் கிராக்கும் ஆப்டிமைசரும் எம்பிஆரும் அப்படியே கூட வரும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் மறுபடி 10 போடுவதில் பொருளில்லை. இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது. இந்த ப்ராசஸர் அதன் வாசற்படியிலேயே நிற்கிறது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் அமைப்பு), யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) செக்யூர் பூட் வசதி ஆகிய மற்ற நிபந்தனைகளும் பொருந்தின.

பேக்கப்: இங்கேதான் பெரும்பாலானவர்கள் அடி வாங்குகிறார்கள்

பழுதான டிஸ்கில் முதல் வேலை நகல் எடுப்பது. ‘செக் டிஸ்க்’கைப் பழுதுபார்க்கும் முறையில் ஓட்டுவது அதற்குப் பிறகுதான். முழு டிஸ்கையும் அது உழுதுபார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்கை அந்த உழைப்பே முடித்துவிடலாம்.

நகலெடுக்க எக்ஸ்ப்ளோரரில் காப்பி, பேஸ்ட் செய்தால் கெட்ட செக்டரில் நின்றுவிடும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளை நல்லது, ஆனால் அதன் இயல்பு அமைப்பு ஆபத்தானது: திறக்க முடியாத ஒரு கோப்புக்காக 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறையும் 30 விநாடி காத்திருந்து முயலும். இரவெல்லாம் ஓடியும் ஒரே கோப்பில் நிற்பதற்கு இதுவே காரணம். மறுமுயற்சி 1, காத்திருப்பு 1 விநாடி என்று ஸ்விட்ச் கொடுத்து, லாக் கோப்பும் எழுதச் சொல்ல வேண்டும். முடிந்ததும் லாகில் தோல்வியுற்ற கோப்புகளை மட்டும் தனியே பார்த்தால் போதும்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் யாரும் மறப்பதில்லை. மறப்பவை வேறு.

டாலி டேட்டா, இயல்பு அமைப்பில் சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டாலி பிரைம், டேட்டா என்ற பாதையில் இருக்கும். பயனர் பெயரில் உள்ள ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் இது விட்டுப்போகும். டாலி லைசன்ஸை ஃபார்மட்டுக்கு முன்பே மென்பொருளுக்குள் சென்று சரண்டர் செய்துவிட வேண்டும். புது ஓஎஸ்ஸில் திரும்ப ஆக்டிவேட் செய்யும்போது சிக்கல் இராது.

குரோம் பாஸ்வேர்டுகள். குரோமின் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அவை அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைந்த சாவியால் பூட்டப்பட்டவை. புது விண்டோஸில் அந்தச் சாவி இல்லை. கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சந்தேகமிருந்தால் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அந்தக் கோப்பு வெறும் எழுத்தாக, யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்துருக்கள். டிடிபி அலுவலகத்துக்கு இதுதான் உயிர். பேஜ்மேக்கர் யூனிகோடுக்கு முந்தைய காலத்து மென்பொருள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை எழுத்துரு இல்லாமல் திறந்தால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எழுத்துருக்கள் எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில்தான் என்று நினைத்து அதை மட்டும் நகலெடுப்பார்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, இரட்டைக் கிளிக் செய்து நிறுவும் எழுத்துரு அந்தப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற மறைவிடத்துக்குப் போகிறது. இங்கேயும் சில எழுத்துருக்கள் அங்கேதான் இருந்தன. இரண்டு இடத்தையும் எடுக்க வேண்டும்.

டிஎஸ்சி டோக்கனைப் பற்றிக் கவலை வேண்டாம். சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. அதன் டிரைவரும் இணையதளம் கேட்கும் கையொப்ப மென்பொருளும் மட்டும் மறுபடி நிறுவினால் போதும். அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் மின்னஞ்சல்கள் அடங்கிய பிஎஸ்டி கோப்பு எங்கிருக்கிறது என்பதை அவுட்லுக்கின் அக்கவுன்ட் செட்டிங்ஸிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நகலெடுத்த பின், வேறு ஒரு கணினியில் அந்த வெளி டிஸ்கைச் செருகி ஒரு டாலி கம்பெனியையும் ஒரு எக்செல் கோப்பையும் உண்மையிலேயே திறந்து பார்ப்பது அவசியம். ஃபோல்டர் அளவு ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது.

பென் டிரைவ், ஸ்லாட், பயாஸ்

கேஎம்எஸ் கிராக் ஓடிய கணினியிலேயே இன்ஸ்டால் பென் டிரைவைத் தயாரிக்கக்கூடாது. நம்பகமான வேறு கணினி வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல், அவ்வளவுதான். ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்புகள் எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கிக் கையால் நகலெடுக்கப் பார்ப்பவர்கள் ஒரு சுவரில் முட்டுவார்கள்: யுஇஎஃப்ஐ எல்லாக் கணினியிலும் படிக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது; ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் ‘இன்ஸ்டால்’ விம் கோப்பு அதைவிடப் பெரியது. பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் இந்தச் சிக்கலைத் தன் வழியில் சமாளிக்கும். கூடவே, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை இறக்கி அதே பென் டிரைவில் போட்டு வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

எஸ்எஸ்டி வாங்குமுன் ஸ்லாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதற்குள் சாட்டா என்ற பழைய இணைப்பு முறையும் உண்டு, என்விஎம்இ என்ற வேகமான புது முறையும் உண்டு. அக்காலத்து லேப்டாப்கள் சிலவற்றில் ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும். என்விஎம்இ குச்சி உள்ளே உட்கார்ந்தாலும் பயாஸில் தெரியாது. மாடல் எண்ணை வைத்துச் சர்வீஸ் மேனுவலைப் பார்ப்பது ஒன்றே வழி. நீளம் பெரும்பாலும் 2280, அதாவது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். இங்கே 500 ஜிபி போடப்பட்டது. 256 போதும் என்று தோன்றும். ஆனால் எஸ்எஸ்டியில் 15 - 20 சதவீதம் காலியாக இருந்தால்தான் எழுதும் வேகம் நிலைக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். மூடி திறந்திருக்கும்போதே விசிறித் தூசியைத் துடைத்துவிட்டு, இரண்டாவது ரேம் ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4-2400 ஸ்டிக்கும் போடப்பட்டது. இந்த ப்ராசஸரின் உள்கிராஃபிக்ஸ் ரேமையே கடன் வாங்கி ஓடுவதால், இரண்டு ஸ்டிக் சேர்ந்து இரட்டைச் சேனலாகும்போது ரேமின் அளவு, தகவல் போகும் பாதையின் அகலம் இரண்டிலும் லாபம்.

அடுத்தது முக்கியம். பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் விண்டோஸ் போட வேண்டும். இரண்டு டிஸ்கும் இருந்தால், விண்டோஸை எஸ்எஸ்டியில் போடச் சொன்னாலும், பூட் கோப்புகள் அடங்கிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை டிஸ்க் 0-இல் இருக்கும் பழைய டிஸ்கில் செட்டப் வைத்துவிடுவதுண்டு. அப்போதைக்கு எல்லாம் ஓடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றிய அன்று ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று கணினி நிற்கும். புது எஸ்எஸ்டி போய்விட்டது என்று கடைக்கு எடுத்து ஓடுவார்கள்.

பயாஸில் லெகசியை அணைத்து யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் ஆன், இன்டெல்லின் டிபிஎம்மான பிடிடி ஆன், சாட்டா மோட் ஏஹெச்சிஐ. 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருந்தால் செட்டப்பில் டிஸ்கே தெரியாது. டிரைவரை ‘லோட் டிரைவர்’ வழியாகக் கொடுக்க வேண்டும். இந்த மாடலில் அந்தத் தொல்லை இல்லை.

நிறுவுதல்

இது மிகச் சின்னப் பகுதி. மதர்போர்டில் உள்ள கீயைப் படித்து, செட்டப் தானே ஹோம் சிங்கிள் லாங்வேஜைத் தேர்ந்துகொள்ளும். கீ கேட்காது, இணையம் வந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். சிங்கிள் லாங்வேஜ் என்பதால் செட்டப்பில் எடுத்த திரைமொழியைப் பின்னால் மாற்ற முடியாது. தமிழ் விசைப்பலகை சேர்ப்பதற்கு அந்தத் தடை இல்லை.

டிஸ்க் காலியாக இருந்தால் ‘அன்அலொகேட்டட்’ இடத்தை அப்படியே தேர்ந்து நெக்ஸ்ட் கொடுப்பதே சரி. இஎஃப்ஐ, 16 எம்பி எம்எஸ்ஆர், விண்டோஸ், ரிகவரி ஆகிய நான்கையும் அதுவே பிரித்துக்கொள்ளும். கையால் பிரித்து ரிகவரியைச் சின்னதாக வைத்தவர்கள் 2024 ஜனவரியில் அதன் பலனை அனுபவித்தார்கள்: அம்மாதம் வந்த கேபி5034441 அப்டேட், ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாததால் உலகமெங்கும் ஏராளமான விண்டோஸ் 10 கணினிகளில் ஏறாமலே தோற்றது. சி டிரைவுக்கு 100 ஜிபி, மீதி டி, இ என்று வெட்டும் பழக்கமும் இனித் தேவையில்லை. எஸ்எஸ்டியில் அதனால் வேகம் கூடாது, டிஸ்க் போனால் எல்லா டிரைவும் சேர்ந்தே போகும். சி மட்டும் நிரம்பித் திணறும்.

பழைய டிஸ்கிலேயே போட வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு ‘இந்த டிஸ்கில் எம்பிஆர் இருக்கிறது’ என்று செட்டப் மறுக்கும். ஷிஃப்ட், எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், கிளீன், கன்வர்ட் ஜிபிடி (எம்பிஆருக்குப் பதிலான புதிய பிரிப்பு முறை). எண்ணைத் தவறாகக் கொடுத்தால் பேக்கப் டிஸ்கே காலியாகும்; செருகியிருக்கும் வெளி டிஸ்கை அதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும்.

பிறகு ஹோம் பதிப்பு இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். வைஃபை கார்டுக்கு டிரைவர் இல்லாமல் இங்கே மாட்டிக்கொண்டால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி, யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் பெரும்பாலும் நெட் வந்துவிடும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. இன்னொரு சின்ன எரிச்சல்: பயனர் ஃபோல்டரின் பெயர் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்தாக அமையும்.

கணக்கில் நுழைந்ததும் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இலவச இடம் 5 ஜிபிதான். அலுவலகக் கோப்புகள் அதைத் தாண்டும் என்றால் முதல் நாளே நிறுத்துவது நல்லது. மற்றொன்று, 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாகப் போடும் விண்டோஸ் 11 தானாகவே டிஸ்கை என்கிரிப்ட் செய்கிறது. லேப்டாப் திருடுபோனால் அது பாதுகாப்பு. ஆனால் பயாஸில் ஏதாவது மாற்றினாலோ போர்டைப் பழுதுபார்த்தாலோ 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடைக்காரர் தன் கணக்கில் நுழைந்து ஓஎஸ் போட்டுக் கொடுத்திருந்தால் கீயும் அவர் கணக்கில்தான். வாடிக்கையாளர் கணக்கில், அவர் கையாலேயே நுழையச் சொல்ல வேண்டும். கீயை அச்சடித்து ஃபைலில் வைப்பது இன்னும் நல்லது.

திரும்பக் கொண்டுவராதவை

முந்தைய ஃபார்மட் ஏன் சில வாரத்தில் தோற்றது? டிஸ்க் ஒரு காரணம். மற்றதைச் சொல்ல, விண்டோஸ் எப்படி அப்டேட் ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10 காலத்திலிருந்து பெரும்பாலான ஃபீச்சர் அப்டேட்டுகள் புதிய விண்டோஸ் ஃபோல்டரையே உருவாக்கி, பழையதை ‘விண்டோஸ் ஓல்டு’ என்று ஒதுக்கிவிடுகின்றன. ஆகவே விண்டோஸ் ‘பழசாகிப் போனதால்’ மெதுவாகிறது என்பது எக்ஸ்பி காலத்து விளக்கம். புது விண்டோஸுக்குள் அப்படியே கடத்தப்படுபவை மென்பொருள்கள், அவற்றின் சர்வீஸ்கள், டிரைவர்கள், ஸ்டார்ட்அப் பட்டியல், ஷெட்யூல் செய்த வேலைகள். சுத்தமாக ஓஎஸ் போடுவதன் லாபம் முழுவதும் இவை வராமல் போவதில் இருக்கிறது. ஃபார்மட் அடித்த அன்றே ‘எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டேன்’ என்று அதே ஆப்டிமைசர், மூன்று பிளேயர், கிராக், டிரைவர் பேக் எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவிலிருந்து கொட்டினால், அழித்தது எது, திரும்ப வந்தது எது?

இந்தக் கணினியில் விண்டோஸ் அப்டேட்டை இனி ஒன்றுமில்லை என்னும் வரை ஓட்டிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருந்தவற்றுக்கு மட்டும் லேப்டாப் நிறுவன டிரைவர் போடப்பட்டது. ஆன்டிவைரஸ், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் மட்டும். டாலி, எக்செல், குரோம், பேஜ்மேக்கர், பிரின்டர் டிரைவர், டோக்கன் டிரைவர். வேறொன்றும் இல்லை. வீடியோ பிளேயர் கேட்டால் ஒன்று.

தமிழ் வேலைக்குத் தனியாக மென்பொருள் போட வேண்டுமா என்று கேட்பார்கள். யூனிகோடுக்குத் தேவையில்லை, 2019 மே மாதப் பதிப்பிலிருந்து தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. பாமினி போன்ற பழைய குறியீட்டில் அடிப்பவர்களுக்கு மட்டும் அவர்கள் கைக்குப் பழகிய தட்டச்சு மென்பொருள். இன்னொரு திடுக்கிடல் வரும்: பழைய வேர்டு கோப்புகளில் லதா எழுத்துரு நிர்மலாவாக மாறி, பக்கங்கள் கூடிக் குறையும். லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதல் கூடவே வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் ‘டமில் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்த்தால் பழையபடி ஆகிவிடும்.

முதல் நாள் வேகத்தை வைத்து எதையும் முடிவுசெய்யக்கூடாது. தேடல் அட்டவணை கட்டுவது, டிஃபெண்டரின் முதல் ஸ்கேன், ஸ்டோர் அப்டேட் எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டியில் இதெல்லாம் சில மணி நேரத்தில் அடங்கும். பழைய ஹார்ட் டிஸ்கில் நாள்கணக்கில் இழுக்கும். ஃபார்மட் அடித்தும் மெதுவாகவே இருக்கிறது என்ற புலம்பலில் பாதி இந்த நாட்களில் எழுவதுதான். இங்கே அடங்கிய பிறகு குரோம் கிளிக் செய்தவுடன் திறந்தது, டாலி வெளுத்து நிற்பது நின்றது. மாற்றத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்கு. லாகினுக்குப் பின் வந்த அமைதி சுத்தமான ஓஎஸ்ஸுக்கு. கிளீன் பூட் சோதனை முன்பே இந்தப் பங்கீட்டைக் காட்டிவிட்டது.

இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபார்மட் என்ற சடங்கு வேண்டாம். டிஃப்ராக் மென்பொருளும் வேண்டாம்; எஸ்எஸ்டிக்குத் தேவையான ட்ரிம் வேலையை (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று அதற்குத் தெரிவிப்பதை) விண்டோஸ் வாரம் ஒரு முறை தானே செய்கிறது. ரெஜிஸ்ட்ரி கிளீனர் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

‘ரீசெட் திஸ் பிசி’ போதாதா?

மென்பொருள் குப்பை மட்டுமே சிக்கல் என்றால் போதும். ஆனால் லோக்கல் ரீசெட் ஏற்கனவே டிஸ்கில் இருக்கும் விண்டோஸ் கோப்புகளிலிருந்தே தன்னைக் கட்டிக்கொள்ளும்; நிறுவனம் முன்கூட்டியே திணித்த மென்பொருள்களும் திரும்ப வரலாம். கிளவுட் டவுன்லோட் வழி கோப்புகளைப் புதிதாக இறக்கும், சுமார் 4 ஜிபி டேட்டா பிடிக்கும். கிராக் ஓடிய கணினியில், எம்பிஆரிலிருந்து மாற வேண்டிய நிலையில், வெளியிலிருந்து பென் டிரைவில் போடுவதே நேர்வழி.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஒரு வசதியின்படி, பயாஸுக்குள் இருக்கும் ஒரு நிரலை விண்டோஸ் தொடங்கும்போது தானே எடுத்து ஓட்டும். 2015-இல் லெனோவோவின் சில மாடல்களில் ‘லெனோவோ சர்வீஸ் என்ஜின்’ இப்படித்தான் டிஸ்கைத் துடைத்து ஓஎஸ் போட்டாலும் திரும்ப வந்தது. கடைசியில் பயாஸ் அப்டேட் கொடுத்துத்தான் நீக்கினார்கள். இந்த லேப்டாப்பில் அப்படி ஒன்றும் தென்படவில்லை. இருந்தும், ஓஎஸ் போடுவதற்கு முன் பயாஸை நிறுவனத்தின் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிக்கொள்வது நல்லது.

பழைய ஹார்ட் டிஸ்கைத் திரும்ப உள்ளே மாட்டவில்லை. சி5 எண் உள்ள டிஸ்க் டேட்டா வைக்கத் தகுந்ததல்ல, ‘சும்மா படம் வைக்கலாம்’ என்பதற்கும் அல்ல. தேதி எழுதி ஒட்டி, ஒரு மாதம் அலமாரியில். அதற்குள் விட்டுப்போன கோப்பு ஏதாவது நினைவுக்கு வரும். பெரும்பாலும் பிரின்டரில் ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டர். மாதம் முடிந்ததும் வேறு கணினியில் செருகி டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன் ஆல்’. வெறும் ‘கிளீன்’ பார்ட்டிஷன் பட்டியலை மட்டும் அழிக்கும். ‘ஆல்’ சேர்த்தால்தான் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும். 1 டிபிக்கு விநாடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கெட்ட செக்டர் உள்ள டிஸ்கில் கூடவே ஆகும். வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கணக்கு உள்ள டிஸ்கை அது முடியாமல் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கக்கூடாது.